மெதுவா ஓட்டுற சைக்கிள் குழு ஏதாவது இருக்கா?

வணக்கம். அடையாறு, திருவான்மியூர் பக்கம் ஞாயித்துக்கிழமை காலையில சேர்ந்து சைக்கிள் ஓட்டுறவங்க யாராவது இருக்கீங்களா? அக்காவுக்கும் எனக்கும் ஒரு குழு வேணும்.

இப்போ போற கிளப்ல எல்லாரும் நல்ல மாதிரிதான். ஆனா அக்கரை தாண்டினதும் ஆளாளுக்குப் பறக்குறாங்க. 'யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம்'னு பேச்சு. நாங்க முட்டுக்காடு பாலத்துக்குப் போய்ச் சேர்றப்போ அவங்க டீ குடிச்சு, போட்டோ எடுத்து, திரும்பக் கிளம்பியாச்சு. எங்களோடது 32 மி.மீ. டயர் போட்ட ஹைபிரிட் சைக்கிள், ரேஸ் சைக்கிள் இல்ல. மணிக்கு 16, 17 கிலோமீட்டர்தான் வரும். முன்னால போறவர் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தா எதிர்காத்து தெரியாதுங்கறாங்க. உண்மைதான். ஆனா ஈசிஆர்ல பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டு உரசிட்டுப் போறப்போ அவ்வளவு நெருக்கமா ஓட்ட அக்காவுக்குப் பயம். எனக்கும்தான்!

கடைசியா வர்ற ஆள்கூடவே ஒருத்தர் வந்தா போதும். டீக்கு நிக்கணும், அது முக்கியம். பெண்கள் வர்றாங்களான்னும் சொல்லுங்க.

இன்னொண்ணு, எங்க டியூப்ல பிரெஸ்டா வால்வு, அதாவது காத்தடிக்கிற வாய் ஒல்லியா இருக்குற வகை. பெட்ரோல் பங்க் காத்துக்குழாய் அதுல பொருந்தாது. சின்ன பித்தளை அடாப்டர் பக்கத்துல எந்தக் கடையில கிடைக்கும்?

எங்க, எத்தனை மணிக்குக் கூடுறீங்கன்னு சொன்னா இந்த வாரமே வந்துடறோம்.