காப்பிச் சாக்கில் தடித்த ஸ்லாப் செரிஃப்: பக்கத்தில் தமிழை எப்படி நிறுத்துவது?

கேள்வி (ஏற்காடு):
எங்கள் சிறு தோட்டத்துக் காப்பிக்கொட்டையைச் சணல் சாக்கிலும் கால் கிலோ உறையிலும் விற்க இருக்கிறோம். ஊர்ப்பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ராக்வெல் போல்டிலும் (எழுத்தின் முனைகளில் தடித்த பட்டை கொண்ட ‘ஸ்லாப் செரிஃப்’ வகை எழுத்துரு), அதன் கீழே ‘ஏற்காடு காப்பி’ என்று தமிழிலும் அமைத்துப் பார்த்தேன். ஆங்கிலம் தூண் நட்டாற்போல் நிற்க, தமிழ் அதன் அடியில் மெலிந்து தெரிகிறது. தமிழ் எழுத்துகளுக்கும் அதுபோன்ற அடிப்பட்டை வரைந்து சேர்க்கலாமா?

பதில் 1 (செவ்வாய்பேட்டை, ஸ்கிரீன் பிரிண்டிங் தொழில்):
சாக்குக்கு இந்த வகை எழுத்து மிகவும் ஏற்றது. மெல்லிய கோடுகள் சணலின் இழைகளுக்கிடையே அறுந்துபோகும். ஸ்லாப் செரிஃபிலோ எழுத்தின் நிமிர்ந்த கோடான தண்டும் முனையிலுள்ள பட்டையும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருப்பதால் மை சற்றுப் பரவினாலும் எழுத்து தன் உருவை இழப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் இவ்வகை பரவியதே சுவரொட்டிகளும் விளம்பரங்களும் தூரத்திலிருந்து கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் எழுத்துகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். ராக்வெல்லில் ஆங்கில ‘A’ எழுத்தின் உச்சியிலும் பட்டை உண்டு; நெருக்கினால் பட்டைகள் ஒட்டிக்கொண்டு வேலி போலாகிவிடும்.

பதில் 2 (சேலம், எழுத்துரு வடிவமைப்பு):
அடிப்பட்டை வேண்டாம் என்பதே என் கருத்து. வளைந்து முடியும் தமிழ் எழுத்தின் நுனியில் பட்டையை ஒட்டினால், அது துணைக்கால் போலவோ தவறிய கொம்பு போலவோ தோன்றும். பொருத்த வேண்டியது பட்டையை அல்ல, கனத்தை. கேட்டமரன், முக்த மலர் ஆகிய தமிழ் எழுத்துருக்களின் தடித்த வகைகளை எடுத்து, ராக்வெல்லின் தண்டுக்கு இணையாகத் தோன்றும்வரை அளவைக் கூட்டிப் பாருங்கள். ‘ற்’, ‘ப்’ ஆகியவற்றின் புள்ளியைத் தனியே கவனியுங்கள். சாக்கில் அது எழுத்தோடு கலந்துவிட்டால் ‘ஏறகாடு காபபி’ என்றுதான் படிக்க நேரும்.

ஆங்கிலத்தையும் சற்று மென்மையாக்க விரும்பினால் கிளாரெண்டனைப் பாருங்கள். 1845இல் இராபர்ட் பெஸ்லி வெளியிட்ட அந்த எழுத்தில் பட்டை தண்டோடு வளைவாக இணைகிறது; 1934இல் மோனோடைப் வெளியிட்ட ராக்வெல்லில் செங்கோணமாக முட்டுகிறது. தமிழின் வளைவுகளுக்கு முன்னதே நெருக்கம். (பெஸ்லி அதைப் பதிவு செய்து பெற்ற பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள்தான், அதன் பின் ஆளாளுக்குப் பிரதி எடுத்தார்கள்.)

பதில் 1 தந்தவர் மீண்டும்:
உறைக்கு ஒரு சொல்: எடை, விலை, பொதி செய்த நாள் ஆகிய சிறு எழுத்துகளை இந்தத் தடிப்பில் போடாதீர்கள், எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடங்கள் அடைபட்டு ‘8’ வெறும் கரும்பொட்டாகிவிடும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. கிளாரெண்டனோடு கேட்டமரனை வைத்து, புள்ளியைச் சற்று மேலே தூக்கி, சாக்குத்துண்டு ஒன்றில் அச்சிட்டுப் பார்த்தேன். பத்தடி தள்ளி நின்று பார்த்தபோதும் இரண்டு வரிகளும் ஒரே கனத்தில் தெரிகின்றன. ‘டு’வின் கீழ்வளைவில் மட்டும் மை தேங்குகிறது, அதை இன்னும் சற்று விரித்து வரைய வேண்டும்.