1640 மணி நேரமும் 40 சதவீதமும்: செல்போனால மூளைக்கட்டி வருமா, வராதா?

அலைவரிசை:
நேத்து சங்ககிரியான் இங்க எழுதினது எங்க அம்மா போன் வரைக்கும் வந்து சேர்ந்துடுச்சு. “தினமும் அரை மணி நேரம் செல்போனைக் காதுல வச்சா 40 சதவீதம் பேருக்கு மூளையில கட்டி வரும்”னு எழுதியிருக்கார். அம்மா இப்போ பேத்திகிட்ட பேசறதுக்கே போனைத் தொட மாட்டேங்கறாங்க. அந்தக் கோபத்துலதான் எழுதறேன்.
அவர் எடுத்தது 2010ல வந்த இன்டர்ஃபோன் ஆய்வு. கட்டி வந்தவங்க, வராதவங்க ரெண்டு தரப்பையும் பேட்டி எடுத்து, எவ்வளவு போன் பேசினாங்கன்னு ஒப்பிட்டது. 13 நாடு, கிளையோமாங்கற மூளைக்கட்டி வந்தவங்க 2708 பேர். ஆயுசுல மொத்தம் 1640 மணி நேரத்துக்கு மேல பேசினதாச் சொன்னவங்ககிட்ட மட்டும் வாய்ப்பு, வழக்கமா போன் பேசாதவங்களைவிட 1.40 மடங்கு, அதாவது 40 சதவீதம் கூடன்னு வந்துச்சு. 40 சதவீதம் பேருக்குக் கட்டின்னு எங்கேயும் இல்லை. லட்சம் பேர்ல வருஷத்துக்கு அஞ்சாறு பேருக்கு வர்ற நோய், ஏழெட்டுப் பேருக்கு வரும்னு வச்சாக்கூட அது 40 சதவீதம் பேர் ஆயிடுமா?

சங்ககிரியான்:
பேருக்குன்னு போட்டா என்ன, கூடன்னு போட்டா என்னங்க? 40ங்கற நம்பர் நான் கண்டுபிடிச்சதா? 1640 மணி நேரத்தைப் பத்து வருஷத்துக்கு வகுத்துப் பாருங்க. ஒரு நாளைக்கு 27 நிமிஷம். இன்னைக்கு 27 நிமிஷத்தோட போனை வைக்கறவன் எவன்னு சொல்லுங்க.

அலைவரிசை:
அதே ஆய்வுல போன் வழக்கமாப் பயன்படுத்தறவங்க மொத்தத்துக்கும் வந்த நம்பர் 0.81. போன் இல்லாதவனைவிட போன் வச்சிருக்கவனுக்குக் கட்டி குறைவு! அதை ஏன் எழுதலை?

சங்ககிரியான்:
0.81ஐ நீங்க நம்பறீங்களா? செல்போன் பேசினா மூளைக்கட்டி வராம காக்குமா? நம்பினா அம்மாகிட்ட இன்னும் ரெண்டு மணி நேரம் சேர்த்துப் பேசச் சொல்லுங்க.

அலைவரிசை:
நம்பலை. ஆய்வுக்கு வர ஒத்துக்கிட்ட ஆரோக்கியமான ஆளுங்கள்ல போன் வச்சிருந்தவங்க அதிகம். அதனால வந்த கோணல்னு அவங்களே எழுதியிருக்காங்க. 0.81 கோணல்னா அதே பேட்டி, அதே ஞாபகத்துல வந்த 1.40 மட்டும் எப்படி நேரா இருக்கும்? இதுக்குப் பதில் சொல்லுங்க.

மருந்துச்சீட்டு:
ரெண்டு பேரும் சண்டையை நிறுத்திட்டுக் கேளுங்க. 2011 மே மாசம் பிரான்ஸ்ல லியோன் நகரத்துல, உலகச் சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்புல, 14 நாட்டு விஞ்ஞானிங்க 31 பேர் உட்கார்ந்து இந்தக் கதிர்வீச்சை 2பி வகையில போட்டாங்க. ‘புற்றுநோய் உண்டாக்கக் கூடியதா இருக்கலாம்’. இருக்கலாம்னுதான் சொன்னாங்க, இல்லவே இல்லைன்னு சொல்லலை. அலைவரிசை அண்ணன் பேசறது இல்லவே இல்லைங்கற மாதிரி இருக்கு.

அலைவரிசை:
அதே 2பியில ஊறுகாயும் இருக்கு தங்கச்சி. ஆசிய நாட்டுல பழைய முறையில போடற காய்கறி ஊறுகாய். வீட்டுல ஜாடியை உடைச்சுட்டீங்களா?

சங்ககிரியான்:
ஊறுகாயை யாரும் காதுல வச்சுப் பேசறதில்லை.

அலைவரிசை:
பதில் வரலை. 1.40 எப்படி நேரா இருக்கும்?

சங்ககிரியான்:
சொல்றேன். எங்க பெரியண்ணன் லாரி புக்கிங் ஆபீஸ் வச்சிருந்தாரு. 1999ல கைக்கு போன் வந்துச்சு. காலையில அஞ்சு மணிக்கு நாக்பூர் லோடு, ராத்திரி பதினொண்ணுக்கு இந்தூர் லோடு, எல்லாம் வலது காது. 2011ல வலது காதுக்கு மேலேயே கட்டி. ஆபரேஷன் பண்ணி பதினாலு மாசம் இருந்தாரு. நீங்க சொல்ற ஆய்வுலயே 1640 மணி நேரத்துக்கு மேல பேசினவங்களுக்கு, போன் வைக்கற பக்கத்துலயே வந்த கட்டின்னு பார்த்தா 1.96. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதை நீங்க ஏன் எழுதலை?

அலைவரிசை:
அண்ணனுக்கு நேர்ந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனா தலையில வலது பக்கம் தையல் போட்டுப் படுத்திருக்கவன்கிட்ட எந்தக் காதுல பேசினேன்னு கேட்டா எதைச் சொல்வான்? அதே ஆய்வுல ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல பேசினேன்னு பத்துப் பேர் சொன்னாங்க. பத்துப் பேரும் நோயாளிங்க. நோய் இல்லாதவங்கள்ல ஒருத்தர்கூடச் சொல்லலை. நடக்கிற காரியமா அது?

சங்ககிரியான்:
எங்க அண்ணன் பேசினாரு. ரெண்டு போன், ஒண்ணு சார்ஜ்ல, ஒண்ணு காதுல. ஒரு நாள் எங்க புக்கிங் ஆபீஸ்ல வந்து உட்கார்ந்து பாருங்க, அப்புறம் நடக்கிற காரியமான்னு சொல்லுங்க.

குருவிக்கூடு:
டவர் வந்தப்புறம் சிட்டுக்குருவியே காணோம். அதைப் பத்தி ஒருத்தரும் பேசலையே?

அலைவரிசை:
இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை 2020ல வந்துச்சு. நாடு முழுக்கப் பார்த்தா சிட்டுக்குருவி எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாத்தான் இருக்கு, பெருநகரங்கள்லதான் குறைஞ்சிருக்கு. ஓட்டு வீட்டை இடிச்சு கண்ணாடிக் கட்டடம் கட்டினது நாம. பழி டவருக்கு.

குருவிக்கூடு:
எங்க தெருவுல இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மருந்துச்சீட்டு:
அமெரிக்காவுல ஆண் எலிங்களுக்கு இதயத்துல கட்டி வந்ததுக்குத் தெளிவான ஆதாரம்னு 2018ல அரசாங்க ஆய்வே சொல்லிச்சே, அண்ணே?

அலைவரிசை:
தினம் 9 மணி நேரம், ரெண்டு வருஷம், காதுல மட்டும் இல்லை, உடம்பு முழுக்க. அப்படி வச்ச ஆண் எலிங்கதான் சும்மா விட்ட எலிங்களைவிட அதிக நாள் உயிரோட இருந்துச்சு. அதையும் செய்தியாப் போட வேண்டியதுதானே?

சங்ககிரியான்:
ஏனுங்க, அலைவரிசைக்குச் சம்பளம் யார் தர்றாங்கன்னு எல்லாரும் கேட்டுக்கோங்க. டவர் கம்பெனி. தண்ணி கேன் பத்தின பேச்சுலயும் இவர் இப்படித்தான் கம்பெனி பக்கம் நின்னாரு. 13 நாட்டு ஆய்வுக்கே போன் கம்பெனிங்க காசு ஒரு பங்கு போயிருக்கு.

அலைவரிசை:
கம்பெனி காசு போன ஆய்வுன்னா, அதுல இருந்து 40ஐ மட்டும் எதுக்குப் பொறுக்கறீங்க? மொத்தமாத் தூக்கிப் போடுங்க.
ஆமா, 14 வருஷமா டவர் அடியிலதான் வேலை பார்க்கறேன், மறைச்சதே இல்லை. சங்ககிரியான் வீட்டு மொட்டை மாடியில என்ன நிக்குதுன்னு அவரே சொல்லட்டும். போன தீபாவளிக்கு அவர் இங்க போட்ட குடும்பப் படத்துல, பின்னாடி தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல.

சங்ககிரியான்:
அது எங்க சித்தப்பா பங்கு மாடி. வாடகை அவருக்குத்தான் போகுது. வீட்டு விவகாரத்தை இங்க இழுக்காதீங்க. குவாலியர்ல ஒரு வீட்டு வேலைக்காரர் வழக்குப் போட்டு, 2017ல சுப்ரீம் கோர்ட்டே டவரை நிறுத்தச் சொல்லிச்சு. இத்தாலியில 2012ல மேல் கோர்ட்டு, போன் பேசிக் கட்டி வந்தவருக்கு இழப்பீடு உண்டுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. நீதிபதிங்களும் முட்டாளா?

அலைவரிசை:
நீதிபதி மூளையை ஸ்கேன் பண்றவர் இல்லை. இங்கிலாந்துல ஏழே முக்கால் லட்சம் பெண்களை வருஷக்கணக்காப் பார்த்து 2022ல எழுதினாங்க, கூடுதல் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் கேட்டு 63 ஆய்வைச் சேர்த்துப் பார்த்து 2024ல எழுதினாங்க, பத்து வருஷத்துக்கு மேல பேசினவங்ககிட்டயும் கூடுதல் இல்லை.
இன்னொண்ணு, டவர் தூரமா இருந்தாத்தான் உங்க போன் அதிகச் சக்தியில கத்தும். பழைய 2ஜி போன் ரெண்டு வாட்ஸ் வரைக்கும் போகும். டவரை விரட்டறவன் தன் காதுக்குத்தான் கெடுதல் பண்றான்.

சங்ககிரியான்:
இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. “காதுக்குக் கெடுதல்.” எல்லாரும் படிச்சுக்கோங்க.

அலைவரிசை:
பேச்சுக்குச் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறீங்க. எலும்பு வரைக்கும் ஊடுருவற எக்ஸ்ரே மாதிரி இல்லை இது. கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்துல ஒரு துணுக்குக்கு இருக்கற சக்தியில லட்சத்துல ஒரு பங்குகூட இதுல கிடையாது. டிஎன்ஏவை உடைக்க எங்கிருந்து வரும்?

மருந்துச்சீட்டு:
அப்படின்னா நம்ம அரசாங்கம் 2012ல டவர் கதிர்வீச்சு வரம்பைப் பத்துல ஒண்ணாக் குறைச்சது ஏன்? போன்ல இருந்து உடம்புல இறங்கற சக்தி, உடம்பு எடை கிலோவுக்கு 1.6 வாட்ஸ்தான்னு கட்டுப்பாடு வச்சது ஏன்?

அலைவரிசை:
மக்கள் பயந்தாங்க, குறைச்சாங்க. பயத்துக்குப் போட்ட சட்டம் நோய்க்கு அத்தாட்சி ஆகாது. சங்ககிரியான் இன்னும் 1.40க்குப் பதில் சொல்லலை. நாலு தடவை கேட்டாச்சு.

சங்ககிரியான்:
நாலு தடவை கேட்டாலும் நாற்பது நாற்பதுதான். 1640 மணி நேரம், ஒரு நாளைக்கு 27 நிமிஷம். நான் எழுதினதை அழிக்கப் போறதில்லை.

அலைவரிசை:
அழிக்க வேண்டாம். “பேருக்கு”ங்கற ஒரு வார்த்தையைத் திருத்துங்க, போதும்.

சங்ககிரியான்:
முதல்ல நீங்க “நடக்கிற காரியமா”ன்னு கேட்டதைத் திருப்பி வாங்குங்க.

அலைவரிசை:
எதுக்கு வாங்கணும்? நோயாளிங்க பத்துப் பேர், நோய் இல்லாதவங்க ஒருத்தர்கூட இல்லை. நான் போட்ட கணக்கா அது?

குருவிக்கூடு:
எங்க பக்கத்து ஊர்ல டவரைக் கழட்டின அடுத்த மாசமே குருவி திரும்பி வந்துச்சாம்.

அலைவரிசை:
எந்த ஊர்? பேரைச் சொல்லுங்க, நாளைக்கே போய்ப் பார்க்கறேன்.