அவசரம்: செவ்வாய்க்கிழமை மனைவிக்கு சர்ஜரியாம், என்ன செய்வது?

ராத்திரி ஷிப்ட்: வணக்கம். நாங்கள் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மனைவி பெயருக்கு ஒரு கடிதம், செவ்வாய் காலை 9.40க்கு சர்ஜரிக்கு வரவும், வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லவும் என்று. அவளுக்கு தைராய்டு உண்டு, தினமும் தைராக்சின் மாத்திரை போடுகிறாள், அவ்வளவுதான். ஆபரேஷன் பற்றி யாரும் பேசவே இல்லை. டிக்கெட் போட்டு ஊருக்கே அனுப்பிவிடலாமா?

கோவை டு கவென்ட்ரி: யோசிக்காதீர்கள், அனுப்பிவிடுங்கள். நான் வந்த புதிதில் கிடங்கில் பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போய், ராத்திரி படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியிருக்கிறேன். ஸ்கேனுக்கு எழுதிக்கொடுக்கவே மாதக்கணக்கில் இழுத்தார்கள். ஊரில் என்றால் காலையில் போய் மத்தியானம் ரிசல்ட்டோடு வந்துவிடலாம்.

கணக்குப்பிள்ளை: எதற்கு அனுப்ப வேண்டும்? விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் கட்டித்தானே வந்தீர்கள்? ஆளுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, படிப்பு விசா என்றால் 776. இங்கேயே செய்துகொள்ளுங்கள். எந்த விசா என்று முதலில் சொல்லுங்கள்.

கோவை டு கவென்ட்ரி: கட்டினதற்கு என்ன கிடைக்கிறதாம்? எதற்குப் போனாலும் பாராசிட்டமால். அதுவும் டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டு காலை 8 மணிக்கு போன் அடித்துத் தவம் கிடந்தால்.

ஹாரோ அக்கா: தம்பி, கொஞ்சம் பொறும். நீர் எந்த நாடு என்றே சொல்லவில்லை, இவர்கள் எல்லாரும் இங்கிலாந்து என்று நினைத்துக் கதைக்கினம். இங்கிலாந்துதான் என்றால், ஜிபி, அதுதான் குடும்ப டாக்டர், இருக்கிற இடத்துக்கே சர்ஜரி என்றுதான் பெயர். பல் டாக்டருடைய இடமும், நாய் பூனைக்கு ஊசி போடுகிற இடமும் அதேதான். எம்பி தொகுதிச் சனத்தைச் சந்தித்துக் குறை கேட்கிறதும் சர்ஜரிதான், அங்கே ஆரையும் வெட்டுறதில்லை.

லீட்ஸ்காரன்: இந்த ஊர் இங்கிலீஷே இப்படித்தான். இங்கே டீக்கு வா என்று கூப்பிட்டால் ராத்திரிச் சாப்பாடு. என் ரூம்மேட் வீட்டிலேயே வயிறு முட்ட சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனான், அங்கே பெரிய தட்டு நிறைய உருளைக்கிழங்கும் கோழியும். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

கணக்குப்பிள்ளை: லண்டனில் டீ என்றால் டீதான். அதை விடுங்கள், உங்கள் வேலையைப் பார்த்து மேனேஜர் 'குவைட் குட்' என்றால் ஸ்வீட் வாங்கிவிடாதீர்கள். சுமார் என்று அர்த்தம்.

வார்டு நர்ஸ்: ஏற்கெனவே பயந்துபோய்க் கிடக்கிறார், அவரிடம் போய் டீக்கதை எதற்கு? சகோ, நிஜமான ஆபரேஷன் என்றால் கடிதம் ஆஸ்பத்திரியிலிருந்து வரும். அதற்கு முன்பே கூப்பிட்டுப் பேசி, சம்மதக் கையெழுத்து பற்றியெல்லாம் சொல்லியிருப்பார்கள். அதில் 'தியேட்டர்' என்று இருந்தால்தான் ஆபரேஷன் அறை. 'நில் பை மவுத்' என்றால் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. அறுவை செய்கிறவர் பெயருக்கு முன்னால் டாக்டர் போடாமல் மிஸ்டர், மிஸ் என்று இருக்கும், அதைப் பார்த்தும் பதற வேண்டாம். கடிதத்தின் மேலே என்ன தலைப்பு?

ராத்திரி ஷிப்ட்: மான்செஸ்டர். மேலே 'நியூ பேஷன்ட் ஹெல்த் செக்' என்று இருக்கிறது. முக்கியமில்லை என்று நினைத்து நான் அதை முதலில் எழுதவில்லை.

ஹாரோ அக்கா: அட கடவுளே.

வார்டு நர்ஸ்: சரி, அது புதிதாகப் பதிந்தவர்களுக்கான சோதனை. எடை, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், பழைய நோய் கேட்பார்கள். தவறாமல் போகச் சொல்லுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை அட்டையை எடுத்துப் போகட்டும், இங்கே வேறு பிராண்டாக இருக்கலாம், அதனால் மருந்தின் பெயரும் எத்தனை மைக்ரோகிராம் என்பதும் முக்கியம். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று இன்றே போன் செய்து சொன்னால் ஏற்பாடு செய்வார்கள், அதற்குக் காசு இல்லை. இன்னொன்று, இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு வாங்குவார்கள், ஆனால் தினமும் தைராக்சின் தேவைப்படுகிறவர்களுக்கு எல்லா மருந்தும் இலவசம். அதற்கு எஃப்பி92ஏ என்று ஒரு படிவம் உண்டு. செவ்வாய்க்கிழமை போகும்போதே கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அவர்களாகச் சொல்லுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.