எதிஹாட்டில் 6–3: தோல்விக்குப் பொறுப்பு ஆட்டக்காரர்களுடையதா, திட்டத்தினுடையதா?

கேள்வி

2022 அக்டோபர் 2, ஞாயிறு அன்று பிரீமியர் லீக் கால்பந்தில், மான்செஸ்டர் சிட்டியின் சொந்த மைதானமான எதிஹாட் அரங்கில் நம் மான்செஸ்டர் யுனைடெட் அணி சிட்டியிடம் 6–3 என்ற கணக்கில் தோற்றது. இறுதிக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் ஏதோ கோல் மழை பொழிந்த விறுவிறுப்பான ஆட்டம் என்று எண்ணக்கூடும். இடைவேளையிலேயே 4–0 என்று இருந்ததையும், நம் மூன்று கோல்களில் இரண்டு 84ஆவது நிமிடத்திலும் அதற்குப் பிறகுமே வந்தன என்பதையும் ஆட்டத்தை முழுமையாகப் பார்த்தவர்கள் அறிவார்கள். லிவர்பூல், சவுத்தாம்ப்டன், லெஸ்டர், ஆர்சனல் என்று லீக்கில் தொடர்ந்து நான்கு வெற்றிகளைப் பெற்றுவிட்டு இந்த டெர்பிக்கு (ஒரே நகரத்து அணிகளின் மோதலுக்கு) சென்ற அணி இவ்வளவு எளிதாக நிலைகுலைந்ததை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆட்டத்துக்குப் பிறகு பெரும்பாலானோர் போராட்ட குணம் இல்லை, ஓட்டம் இல்லை, சட்டையின் மதிப்பு தெரியவில்லை என்றே பேசுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஓடாததால் தோற்றார்களா, எங்கே ஓட வேண்டும் என்று தெரியாமல் ஓடியதால் தோற்றார்களா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நடுகள வீரர் கஸெமிரோவை மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார வைத்துவிட்டு மெக்டோமினேயையும் எரிக்சனையும் மட்டும் நம்பி சிட்டியின் டி பிரய்னாவை எதிர்கொண்டது சரியான முடிவா? இடது பின்களத்தில் மலாசியா பட்ட பாட்டுக்கு அவர் மட்டும்தான் காரணமா? ரொனால்டோவைக் களமிறக்காததை ஒரு குறையாகக் கருதுகிறீர்களா? காரணத்தோடு எழுதுங்கள்.

மறுமொழி 1

கஸெமிரோவைத் தொடக்கத்திலேயே ஆட வைத்திருக்க வேண்டும் என்பது ஆட்டம் முடிந்த பிறகு சொல்ல எளிதான வாதம். அந்த நான்கு வெற்றிகளிலும் நடுகளத்தில் தொடக்கம் முதல் ஆடியவர்கள் மெக்டோமினேயும் எரிக்சனும்தான். வென்றுகொண்டிருக்கும் இணையைப் பிரிக்காமல் வைத்ததற்காகப் பயிற்சியாளர் எரிக் டென் ஹாக்கைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. தேர்வைவிட, ஆடும் முறையே நம்மைக் கவிழ்த்தது என்று நினைக்கிறேன்.

சிட்டியின் பின்களத்திலிருந்து பந்து புறப்படும்போது நம் முன்கள வீரர்கள் ஆளுக்கு ஆள் பிடித்து நெருக்க முயன்றார்கள். இந்த நெருக்குதல் பலிக்க வேண்டுமென்றால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் அதே நொடியில் முன்னேறி வர வேண்டும். ராஷ்ஃபோர்டும் புரூனோவும் முன்னேறிவிட்டார்கள், பின்களம் சிட்டியின் கோலடிப்பவர் ஹாலண்டுக்கு அஞ்சிப் பின்னாலேயே நின்றுவிட்டது, இடையில் ஏறத்தாழ முப்பது மீட்டர் நிலத்தை மெக்டோமினேயும் எரிக்சனும் காவல் காக்க வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் டி பிரய்னாவும் பெர்னார்டோ சில்வாவும் திரும்பி நின்று நிதானமாகத் தலை நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு நேரம் கிடைத்தது. உலகின் எந்த இரு நடுகள வீரர்களை அங்கே நிறுத்தியிருந்தாலும் இதே கதிதான் நேர்ந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிட்டிக்கு ரோட்ரி இல்லை. குண்டோகான்தான் அந்த ஆழமான நடுகளப் பணியைச் செய்தார். ரோட்ரி இல்லாத சிட்டியின் நடுகளத்தை எதிர்த்தாக்குதலில் ஊடுருவ வழி இருந்தும், பந்தைப் பறித்த அடுத்த பாஸிலேயே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். முதல் பாதியில் நான் மிகவும் வருந்தியது அதற்காகத்தான்.

மறுமொழி 2

முதல் மறுமொழியில் உள்ள நெருக்குதல் பற்றிய விளக்கத்தோடு உடன்படுகிறேன், அதிலிருந்து எடுத்த முடிவோடு உடன்பட முடியவில்லை. கோல்கள் விழுந்த நேரத்தைப் பாருங்கள். 8ஆவது நிமிடத்தில் பெர்னார்டோ கொடுத்த பந்தைச் சிட்டியின் ஃபோடன் நிறுத்தாமலே அடித்து உள்ளே அனுப்பினார். அதற்குப் பிறகு 34ஆவது நிமிடம் வரை கணக்கு 1–0தான். பிறகு 34, 37, 44 என்று பத்தே நிமிடங்களில் மூன்று கோல்கள். ஆகஸ்ட் 13 அன்று பிரென்ட்ஃபோர்டில் 4–0 என்று தோற்ற ஆட்டத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், அங்கேயும் 10, 18, 30, 35 என்று முதல் 35 நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு கோல் வாங்கியதும் இந்த அணிக்கு ஆட்டத்தை நிதானப்படுத்தத் தெரியவில்லை என்பதைத்தான் இரண்டு தோல்விகளும் காட்டுகின்றன.

கஸெமிரோ வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான். ரியல் மாட்ரிட்டில் ஐந்து சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை வென்ற ஒருவர் பந்தைப் பறிப்பதற்கு மட்டும் பயன்படுபவர் அல்லர். எதிரணி அலை அலையாக வரும்போது எங்கே ஒரு சிறு ஃபவுல் செய்து ஆட்டத்தை நிறுத்த வேண்டும், எப்போது பந்தைப் பக்கவாட்டில் இரண்டு மூன்று முறை தட்டி அரங்கின் சத்தத்தை அடக்க வேண்டும், எப்போது பின்கள வீரர்களைக் கைகாட்டி மேலே இழுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பழக்கமான வேலை. இரண்டாவது கோலுக்கும் மூன்றாவது கோலுக்கும் இடையிலான மூன்று நிமிடங்களில் அந்த வேலையைச் செய்ய நம்மிடம் ஆளே இல்லை. எரிக்சனுடைய பாஸ்களை நான் பெரிதும் மதிக்கிறேன், ஆனால் அவரை இப்படிப்பட்ட ஆட்டத்தில் தற்காப்புச் சுமையோடு நிறுத்துவது அவருக்கே இழைக்கும் அநீதி.

வென்றுகொண்டிருக்கும் இணையைப் பிரிக்கக் கூடாது என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. ஆர்சனலை நாம் வென்றது செப்டம்பர் 4 அன்று. அரசி இரண்டாம் எலிசபெத்தின் மறைவையொட்டி கிரிஸ்டல் பேலஸ், லீட்ஸ் ஆட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன, பிறகு நாட்டு அணிகளுக்கான இடைவெளி வந்தது. ஆக, நான்கு வாரங்களாக லீக் ஆட்டமே ஆடாமல்தான் எதிஹாட்டுக்குப் போனோம். அத்தனை நாள் இடைவெளிக்குப் பிறகு "தொடரும் வேகம்" என்பதை ஒரு காரணமாகக் காட்ட முடியாது.

மறுமொழி 3

நடுகளத்தைப் பற்றி இருவரும் விரிவாக எழுதிவிட்டதால், நான் தனித்தனி ஆட்டக்காரர்களுக்கு வருகிறேன், முதலில் மலாசியா. 34ஆவது நிமிடக் கார்னரில் டி பிரய்னா தூக்கிப் போட்ட பந்தை ஹாலண்ட் தலையால் முட்டினார். கோட்டருகே நின்ற மலாசியா அதைக் காலால் வெளியே தள்ளினார், பந்து அதற்குள் கோட்டைத் தாண்டியிருந்தது. அந்தக் கோலுக்கு மலாசியாவைப் பழிப்பவர்கள், அவ்வளவு உயரமான ஒருவரைக் கோலுக்கு முன்னால் சுதந்திரமாக எழும்ப விட்டது யார் என்ற கேள்வியை ஏன் கேட்பதில்லை? அவர் இடைவேளையில் வெளியே எடுக்கப்பட்டு லூக் ஷா வந்ததைத் தண்டனையாகப் பார்க்கிறார்கள். தொடக்கத்திலிருந்தே அவர் பக்கம் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள், அவருக்கு முன்னால் நின்ற சாஞ்சோ திரும்பி ஓடி வந்து உதவியது மிகக் குறைவு. இளம் வீரர் ஒருவரை அப்படித் தனியே விட்டுவிட்டு அவர் பெயரை மட்டும் உச்சரிப்பது எனக்கு வேதனை அளிக்கிறது.

நம் பின்கள வீரர் லிசாண்ட்ரோ மார்ட்டினெஸைப் பற்றியும் தேவையற்ற பேச்சு எழுந்திருக்கிறது. 175 சென்டிமீட்டர் உயரமுள்ளவரால் ஹாலண்டைச் சமாளிக்க முடியாது என்கிறார்கள். 37ஆவது நிமிடக் கோலில் உயரத்துக்கு எந்த வேலையும் இல்லை. பின்களத்துக்கும் கோல்கீப்பருக்கும் நடுவில் வளைந்து இறங்கிய டி பிரய்னாவின் பாஸை ஹாலண்ட் சறுக்கி வந்து காலால் தொட்டு உள்ளே தள்ளினார். அந்தப் பந்து புறப்பட்ட இடத்தில் டி பிரய்னாவின் அருகே யாரும் இல்லாததுதான் பிரச்சினை. வரான் 40ஆவது நிமிடத்தில் காயத்தால் வெளியேறி லிண்டெலோஃப் வந்ததும் இருந்த ஒழுங்கும் போயிற்று, அடுத்த சில நிமிடங்களில் ஹாலண்ட் குறுக்கே கொடுத்த பந்தை ஃபோடன் கோலாக்கினார்.

எதிரணிக்கு உரிய மரியாதையையும் கொடுத்தாக வேண்டும். சொந்த மைதானத்தில் தொடர்ந்து மூன்று பிரீமியர் லீக் ஆட்டங்களில் ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள்) அடித்த முதல் ஆட்டக்காரர் ஹாலண்ட். எட்டே லீக் ஆட்டங்களில் 14 கோல்கள் என்பது எல்லாப் பின்களங்களுக்கும் பொதுவான துயரம். ஆனால் என்னை அதிகம் கலக்கியது அவருடைய மூன்று கோல்கள் அல்ல, ஃபோடனுக்கு அவர் அமைத்துக் கொடுத்த இரண்டு கோல்கள். கோலடிப்பவரைத் தடுக்கத் திட்டமிட்ட பின்களத்துக்கு அவரே பந்து கொடுப்பவராக மாறும்போது யாரைப் பின்தொடர்வது என்றே தெரியவில்லை.

நம்மவர்களில் அந்தோனி ஒருவரைத்தான் மனமாரப் பாராட்டுவேன். 56ஆவது நிமிடத்தில் தொலைவிலிருந்து இடது காலால் அவர் வளைத்து அடித்த பந்து சிட்டி கோல்கீப்பர் எடர்சனுக்கு எட்டாமல் மூலைக்குள் போனது. 4–0 என்று பின்தங்கிய நிலையில், சுற்றிலும் கேலிக் குரல்கள் எழும் அரங்கில், அந்த அடியை அடிக்கத் துணிவு வேண்டும்.

மறுமொழி 4

ரொனால்டோ பற்றி யாரும் எழுதாததால் சுருக்கமாக எழுதுகிறேன். அவருடைய பெரும் வாழ்க்கைப் பயணத்துக்கு மரியாதை தரும் வகையில் அவரைக் களமிறக்கவில்லை என்றும், மார்ஷியலுக்கு ஆடும் நேரம் தேவைப்பட்டது என்றும் டென் ஹாக் விளக்கியிருக்கிறார். இதில் குறை காண எனக்கு எதுவும் இல்லை. பந்தே வந்து சேராத முன்களத்தில் இன்னொரு முன்கள வீரரை நிறுத்துவதால் என்ன மாறியிருக்கும்? மார்ஷியல் இறங்கி 84ஆவது நிமிடத்தில் தலையால் ஒன்றும் கடைசியில் பெனால்டியில் ஒன்றும் அடித்தார்.

அந்த இரண்டு கோல்களையும் வெறும் ஆறுதல் என்று ஒதுக்குபவர்களுக்கு 2011 அக்டோபர் 23ஐ நினைவூட்ட விரும்புகிறேன். நம் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் சிட்டியிடம் 6–1 என்று தோற்ற அன்று, ஜானி எவன்ஸ் சிவப்பு அட்டை பெற்று பத்துப் பேராக ஆடிய நிலையிலும் முன்னேறிச் சென்று, ஆட்டத்தின் இறுதித் தறுவாயில் மட்டும் மூன்று கோல்களை வாங்கினோம். அந்தப் பருவத்தின் முடிவில் இரு அணிகளும் 89 புள்ளிகளோடு நின்றபோது கோல் வித்தியாசம் (அடித்தவற்றிலிருந்து வாங்கியவற்றைக் கழித்தது) சிட்டிக்கு 64, நமக்கு 56. பட்டம் போனது. தோற்றுவிட்ட ஆட்டத்தின் கடைசி நிமிடங்களையும் ஆடி முடிக்க வேண்டும் என்பதற்கு அதைவிடக் கசப்பான சான்று கிடையாது. எனவே 6–1 என்று முடிந்திருக்க வேண்டியதை 6–3 என்று ஆக்கியவர்களை நான் மதிக்கிறேன். சிட்டி அதற்குள் பல மாற்றங்களைச் செய்து வேகத்தைக் குறைத்துக்கொண்டது என்பதும் உண்மைதான்.

கேள்வி கேட்டவரின் பதில்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மலாசியா குறித்து மூன்றாவது மறுமொழியில் உள்ளது என் மனத்திலும் இருந்ததுதான். முதல் மறுமொழி எழுதியவரிடம் ஒன்று கேட்க வேண்டும். முன்களம் நெருக்கப் போவதும் பின்களம் பின்வாங்குவதும் திட்டக் கோளாறு என்றால், ஆர்சனலுக்கு எதிராக அது ஏன் தெரியவில்லை? அன்று நாம் பெரும்பாலும் பின்னால் நின்று, பந்து கிடைத்ததும் ராஷ்ஃபோர்டை ஓட விட்டோம், அவர் இரண்டு கோல்கள் அடித்தார். லிவர்பூல் ஆட்டத்திலும் பந்தை வைத்திருப்பதைவிட வேகமாக முன்னே அனுப்புவதில்தான் பலன் கண்டோம். பலன் தந்த அந்த முறையை எதிஹாட்டில் மட்டும் கைவிட்டது ஏன் என்பதுதான் எனக்குப் புரியாத புதிர். கடந்த பருவத்தில் சிட்டியிடம் 2–0, 4–1 என்று தோற்றிருக்கிறோம், இதையும் சேர்த்தால் மூன்று லீக் டெர்பிகளில் 12 கோல்கள். கடந்த பருவம் முழுவதிலும் 57 கோல்கள் அடித்து 57 கோல்கள் வாங்கிய அணி இது. பயிற்சியாளர் புதியவர், பின்களத்தில் புதியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சிட்டியின் முன்னால் நாம் திறந்துகிடப்பது மட்டும் மாறவில்லை.

மறுமொழி 1 எழுதியவர் மீண்டும்

நல்ல கேள்வி. ஆர்சனல் ஆட்டத்தில் ஓல்ட் டிராஃபோர்டில் நமக்கு முதல் கோல் கிடைத்தது, அதனால் பின்னால் நிற்பது நம் விருப்பத்துக்கு உரியதாக இருந்தது. எதிஹாட்டில் 8ஆவது நிமிடத்திலேயே பின்தங்கியதால் அந்த விருப்பம் பறிபோனது, துரத்திப் போக வேண்டியிருந்தது. ஆயினும் 82 நிமிடங்கள் மீதமிருக்கும்போது 1–0 என்பது துரத்தியே தீர வேண்டிய கணக்கு அல்ல என்ற இரண்டாவது மறுமொழிக்காரரின் கருத்தை இப்போது அதிகம் ஏற்கிறேன். அந்த 26 நிமிடங்களை அணி வேறு விதமாக ஆடியிருக்கலாம். வெளியிலிருந்து டென் ஹாக்கும் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை யூரோப்பா லீக்கில் சைப்ரஸின் ஒமோனியா அணியோடு ஆட்டம், ஞாயிறன்று எவர்ட்டன் மைதானத்தில் லீக் ஆட்டம். ஒமோனியாவுக்கு எதிராக யாரை வேண்டுமானாலும் ஆட வைக்கட்டும். எவர்ட்டனுக்கு எதிராக கஸெமிரோ தொடக்கத்திலிருந்தே ஆட வேண்டும், அவருக்குச் சற்று முன்னால் எரிக்சன். வரான் தேறாவிட்டால் மார்ட்டினெஸோடு லிண்டெலோஃப். இடது பக்கத்தில் ஷாவா மலாசியாவா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு.

மறுமொழி 3 எழுதியவர் மீண்டும்

எவர்ட்டனுக்கு எதிராக ஷா ஆடட்டும். எதிஹாட்டில் இடைவேளைக்குப் பிறகு அந்தப் பக்கம் ஓரளவு அடங்கியது. ஆனால் யார் ஆடினாலும் அவருக்கு முன்னால் நிற்கும் விங்கர் திரும்பி ஓடி வர வேண்டும். எவர்ட்டன் பக்கவாட்டிலிருந்து நிறைய கிராஸ்கள் போடும் அணி. சாஞ்சோவோ ராஷ்ஃபோர்டோ, அந்த இடத்தில் யார் ஆடுகிறாரோ அவருடைய முதல் வேலை அதுதான் என்று ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.