ஃபியரோவை வெட்டிக் கவுன்டாச் கட்டலாமா?

இரும்புச்சட்டம் எழுதியது:

சென்ற வாரம் நண்பர் கத்தரிக்கதவு தம் திட்டத்தை இங்கே வெளியிட்டிருந்தார். 1986ஆம் ஆண்டின் பான்டியாக் ஃபியரோ என்ற அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி, இருக்கைகளுக்குப் பின்னால் அதன் சட்டத்தை வெட்டி, வீல்பேஸை (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரத்தை) 2373 மில்லிமீட்டரிலிருந்து 2450 மில்லிமீட்டருக்கு நீட்டி, அதன்மேல் லம்போர்கினி கவுன்டாச் என்ற இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரின் வடிவிலான ஃபைபர் (கண்ணாடியிழை) உடலை ஏற்றப்போகிறார். அவருடைய ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் இந்தத் திட்டத்துக்கு ஃபியரோ பொருத்தமான டோனர் (அடித்தளமாக எடுக்கும் வண்டி) அன்று என்பது என் உறுதியான கருத்து.

நடு எஞ்சின் என்ற ஒன்றுக்காக மட்டும் ரெப்ளிகா (நகல் கார்) கட்டுவோர் ஃபியரோவைத் தேடிப் போகவில்லை. அதன் வெளித்தகடுகள் அனைத்தும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றை முழுவதும் கழற்றிவிட்டாலும் எஃகுச் சட்டம் மட்டுமே சாலையில் ஓடும். மிச்சிகன் தொழிற்சாலையில் சட்டத்தை வெல்டிங் செய்து முடித்த பிறகு, தகடுகள் உட்காரும் இடங்கள் அனைத்தையும் ஓர் இயந்திரம் ஒரே பிடியில் சீவித் துளையிட்டது. எனவே வெல்டிங் சூட்டில் சட்டம் சற்றே முறுக்கிக்கொண்டிருந்தாலும் தகடுகள் பிசகாமல் உட்கார்ந்தன. அந்தத் துல்லியத்துக்காகத்தான் ஃபியரோவை எடுக்கிறோம். அதை வெட்டிவிட்டால், எடுத்த பயன் என்ன?

ஃபெராரி 308 உடலைத் தேர்ந்தால் இந்தக் கேள்வியே எழாது. அதன் வீல்பேஸ் 2340 மில்லிமீட்டர். வேறுபாடு வெறும் 33 மில்லிமீட்டர். இரண்டு வண்டிகளிலும் எஞ்சின் நடுவில் குறுக்காக அமர்ந்திருக்கிறது. கார்ப்பரேட் கான்செப்ட்ஸ் என்ற மிச்சிகன் நிறுவனம் 1987, 1988 ஆண்டுகளில் புதிய ஃபியரோக்களின் மேல் கட்டிய மேரா என்ற 308 ரெப்ளிகா, சட்டத்தில் கை வைக்காமலே அந்த வடிவத்தைக் கொண்டுவந்தது. ஃபைபர் உடல் என்பதாலும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் 308 ஜிடிபியின் முதல் வண்டிகளையே, 1977 வரை, ஃபெராரி கண்ணாடியிழை உடலோடுதான் விற்றது.

கத்தரிக்கதவு எழுதியது:

விரிவாக எழுதியதற்கு நன்றி ஐயா. மேராவின் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு வேண்டியது 308 அன்று, கவுன்டாச். 1974 முதல் 1990 வரை இரண்டாயிரத்துக்கும் குறைவாகவே செய்யப்பட்ட அந்த வண்டியின் அசலை வாங்கும் நிலையில் நம்மில் எவரும் இல்லை. அந்த வடிவத்தை என் கையால் கட்டி ஓட்ட வேண்டும் என்பது பல ஆண்டு ஆசை.

வெட்டு என்றதும் சட்டமே கெட்டுவிடும் என்று கருதுவது சரியன்று. ஃபியரோவின் எஞ்சினும் கியர்பாக்ஸும் பின் சஸ்பென்ஷனின் கீழ்ப்பகுதியும் தனியான ஒரு தொட்டிலில் அமர்ந்திருக்கின்றன. அந்தத் தொட்டில் நான்கு போல்ட்டுகளால் சட்டத்தோடு இணைகிறது. பெட்ரோல் டாங்கியோ இருக்கைகளுக்கு நடுவேயுள்ள சுரங்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில், தடுப்புச் சுவருக்குப் பின்னால் வெட்டினால், டாங்கியையும் தொட வேண்டாம், தொட்டிலையும் தொட வேண்டாம். சட்டத்தை ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் இரும்புத் தாங்கியில்) இறுகப் பிடித்து, உட்குழாய் செருகி, வெளியே தகடு போர்த்தி வெல்டிங் செய்தால் இணைப்பு பழைய இரும்பைவிடப் பலமாகவே இருக்கும். அதற்குப் பின் கியர் கேபிள்கள், பிரேக் குழாய், முன் ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்கு வண்டியின் அடியில் ஓடும் இரண்டு நீர்க்குழாய்கள் ஆகியவற்றை நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மஞ்சள்ஃபியரோ எழுதியது:

இருவருமே ஃபியரோவை மூலப்பொருளாக மட்டும் பார்க்கிறீர்கள். அதுவே எனக்கு வருத்தம். ஐந்து ஆண்டுகளில் 370,168 வண்டிகள் செய்யப்பட்டன என்பதால் அவை என்றும் தீராது என்று எண்ணிவிட்டோம். துருவும் ரெப்ளிகாவும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியவை ஒவ்வோர் ஆண்டும் குறைகின்றன. குறிப்பாக 1988ஆம் ஆண்டின் 26,402 வண்டிகளில்தான் பொறியாளர்கள் தொடக்கத்திலிருந்தே விரும்பிய சஸ்பென்ஷன் வந்தது, அந்த ஆண்டோடு உற்பத்தியும் நின்றது. அவற்றையாவது வெட்டாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

கத்தரிக்கதவு எழுதியது:

என்னுடையது 1986, தகடுகள் உடைந்து, ஆண்டுக்கணக்கில் ஒரு கொட்டகையில் கிடந்த வண்டி. 1988ஐ நானும் தொட மாட்டேன்.

இரும்புச்சட்டம் எழுதியது:

நீட்டுவதைப் பற்றி நீங்கள் சொன்ன முறை சரியானது. நேர்த்தியான வெல்டரின் கையில் அது நிற்கும் என்பதை ஏற்கிறேன். என் கவலை நீளத்தோடு முடியவில்லை. பின்னாளில் வந்த கவுன்டாச்சின் அகலம் 2 மீட்டர், ஃபியரோவின் அகலம் சுமார் 1.75 மீட்டர். பக்கத்துக்கு 12 சென்டிமீட்டருக்கு மேல் சக்கரத்தை வெளியே தள்ள வேண்டும். பெரும்பாலானோர் இதற்கு ஸ்பேசர் (சக்கரத்துக்கு உள்பக்கம் செருகும் தடித்த வளையம்) வைத்துவிடுகிறார்கள். அப்போது தரையிலிருந்து வரும் ஒவ்வோர் அடியும் நீண்ட நெம்புகோலாக மாறி வீல் பேரிங்கைத் தாக்குகிறது. முன்பக்கத்தில் ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் மையத்துக்கும் உள்ள இடைவெளி பெருகி, ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்குகிறது.

பின்பக்கம் இதைவிடக் கவனத்துக்குரியது. 1987 வரையான ஃபியரோவின் பின் சஸ்பென்ஷன், முன்சக்கர ஓட்டமுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் முன்பகுதியை அப்படியே பின்னால் கொண்டுபோய் வைத்தது. முன்பு ஸ்டீயரிங் ராக்கோடு இணைந்திருந்த டை ராடின் (சக்கரத்தைத் திருப்பும் தண்டின்) நுனியைத் தொட்டிலிலேயே பூட்டிவிட்டார்கள். சக்கரம் மேலும் கீழும் அசையும்போது டை ராடும் கீழ்க்கையும் (சக்கரத்தைக் கீழ்ப்புறம் பிடிக்கும் சஸ்பென்ஷன் கை) வெவ்வேறு வட்டங்களில் சுழல்வதால் பின்சக்கரம் தானாகவே சற்றுத் திரும்புகிறது. 140 குதிரைத்திறன் வி6 எஞ்சினோடு வளைவில் இதைச் சமாளிக்கலாம். நீங்களோ, பலரையும் போல, சூப்பர்சார்ஜர் வைத்த 3.8 லிட்டர் எஞ்சினைப் பொருத்தி 240 குதிரைத்திறன் பெற விரும்புகிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. கவுன்டாச்சின் உயரம் 107 சென்டிமீட்டர், ஃபியரோவின் உயரம் 119. முன்கண்ணாடியின் சரிவும் ஒன்றன்று. ஆகவே கூரையையும் கண்ணாடித் தூண்களையும் அறுத்தெறிந்து குழாய்க் கூண்டு கட்டுவீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மாற்றிய பிறகு ஃபியரோவிடமிருந்து மிஞ்சுவது தளமும் பிரேக்கும் பதிவுச் சான்றிதழும் மட்டுமே. அதற்குத் தொடக்கத்திலேயே தனிக் குழாய்ச் சட்டம் கட்டி, எஞ்சினை நெடுக்காக வைத்துவிடலாமே!

கத்தரிக்கதவு எழுதியது:

அந்தப் பதிவுச் சான்றிதழைச் சிறிதாக எண்ணாதீர்கள். பல மாநிலங்களில் வீட்டில் கட்டிய வண்டியைப் புதிதாகப் பதிவு செய்வது, இருக்கும் வண்டியின் பதிவைத் தொடர்வதைவிடக் கடினம். தனிச் சட்டம் என்றால் கைபிரேக் முதல் பெடல் வரை ஒவ்வொன்றையும் நானே இடம் குறித்துப் பொருத்த வேண்டும். ஃபியரோவில் அவை ஒன்றோடொன்று இசைந்து ஓடும் நிலையில் எனக்குக் கிடைக்கின்றன. கொட்டகையில் தனியாக வேலை செய்பவனுக்கு அது பெரிய கொடை.

டை ராடு பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நுனியின் உயரத்தைச் சரிசெய்து அந்தத் திரும்பலைக் குறைக்கும் மாற்றுப் பாகங்களைப் பலர் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதைச் செய்யாமல் பெரிய எஞ்சினை ஏற்ற மாட்டேன். அகலத்துக்கும் ஸ்பேசரை மட்டும் நம்பாமல், கீழ்க்கைகளை நீட்டிப் புதிதாகச் செய்வேன்.

மஞ்சள்ஃபியரோ எழுதியது:

உடலை வார்க்கும் அச்சை வைத்துப் பிறருக்கும் உடல்களைச் செய்து விற்கலாம் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். அதைச் செய்யாதீர்கள். ஃபெராரியின் டேடோனா ஸ்பைடர், டெஸ்டரோசா கார்களின் வடிவங்களில் கிட் (ரெப்ளிகா கட்டுவதற்கான பாகத் தொகுப்பு) விற்றவருக்கு எதிராக ஃபெராரி தொடுத்த வழக்கில், 1991இல் அமெரிக்காவின் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபெராரியின் பக்கம் தீர்ப்பளித்தது. வாங்குபவருக்கு உண்மை தெரிந்திருந்தாலும், சாலையில் காண்பவர் குழம்புவார் என்பதையே நீதிமன்றம் கருத்தில் கொண்டது. மேரா நின்றதும் ஃபெராரி தொடுத்த வழக்கால்தான். அதனால்தான் இரும்புச்சட்டம் ஐயா மேராவை முன்மாதிரியாகக் காட்டுவதையும் என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை.

இரும்புச்சட்டம் எழுதியது:

விற்பனைக்கு நானும் எதிர்தான். நான் மேராவைக் காட்டியது பொறியியலுக்காக மட்டுமே.

கத்தரிக்கதவுக்கு: கவுன்டாச்சுக்கு ஃபியரோ தவறான டோனர் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனாலும் நீங்கள் கட்டத்தான் போகிறீர்கள் என்றால், ஒழுங்காகக் கட்டுங்கள். கூரையை அறுப்பதற்கு முன் குழாய்க் கூண்டைப் பொருத்திவிடுங்கள். திறந்த சட்டம் தன் எடையிலேயே நடுவில் தொய்யும். ஜாக்கியை அடியிலுள்ள நீர்க்குழாய்களின் மேல் வைக்காதீர்கள். அவை நசுங்கிய ஃபியரோக்கள் ஏராளம், எஞ்சின் சூடேறிய பிறகுதான் தெரியவரும். நீட்டிய இடத்தில் புள்ளி வெல்டிங்கோடு நிறுத்தி, முன் சஸ்பென்ஷன் புள்ளியிலிருந்து எதிர்ப்புறத் தொட்டில் போல்ட்டு வரை இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, முழு வெல்டிங்குக்கு முன் அந்த அளவுகளை இங்கே இடுங்கள். டை ராடு நுனிகளின் உயரமும் வேண்டும்.

கத்தரிக்கதவு எழுதியது:

இடுகிறேன் ஐயா. ஜிக்குக்கான இரும்பு வரும் சனிக்கிழமை வருகிறது. வெட்டுவதற்கு முன்பும் அதே மூலைவிட்டங்களை அளந்து சேர்த்து இடுகிறேன். நாற்பதாண்டுப் பழைய சட்டம், இப்போதே நேராக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.