புதுப்பிப்பு: புதுக் காரின் நடுக்கத்துக்குக் காரணம் கிடைத்தது

வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத கார், சிக்னலில் நின்றால் எஞ்சின் குலுங்குகிறது, டர்பன் பக்கத்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வெட்டி வெட்டி இழுக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

ஷோரூமில் "பெட்ரோல் சரியில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பெட்ரோல் கெட்டிருந்தால் எல்லாச் சிலிண்டரும் தடுமாறும். ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடோ பி0303 மட்டும், அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவது).

சாட்ஸ்வர்த்தில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் எதையும் புதிதாக வாங்கச் சொல்லவில்லை. மூன்றாவது சிலிண்டரின் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பாகம்) ஒன்றாவதற்கு மாற்றிப் போட்டார். பிழைக் குறியீடு மூன்றிலேயே நின்றது, ஆக காயில் நல்லது. அப்புறம் ஸ்பார்க் பிளக்கையும் அதேபோல் ஒன்றாவதற்கு இடம் மாற்றினார், உடனே பி0301, கோளாறும் கூடவே ஒன்றாவதற்குப் போய்விட்டது! கழற்றிப் பார்த்தால் பீங்கானில் மயிரிழை விரிசல். மின்சாரம் நுனிக்குப் போகாமல் அதன் வழியே கசிந்திருக்கிறது. ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும், அதனால்தான் அங்கே மோசம்.

வெளியில் காட்டினால் வாரண்டி போய்விடுமே என்று கேட்டவர்களுக்கு: தென்னாப்பிரிக்காவில் 2021 ஜூலை 1 முதல் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது, வெளி ஒர்க்‌ஷாப்புக்குப் போனதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்யக் கூடாது. வேலையில் எதையாவது உடைத்தால் அது வேறு கதை.

விரிசலைக் காட்டியதும் ஷோரூமில் பேச்சில்லாமல் எல்லாப் பிளக்கையும் வாரண்டியில் மாற்றித் தந்தார்கள். வண்டி நிற்கும்போது எஞ்சின் இப்போது சீராக ஓடுகிறது. உங்களுக்கு எஞ்சின் லைட் விட்டு விட்டு எரிந்தால் மட்டும் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும், அதன் விலை பிளக் விலை இல்லை.