தாழ்தளப் பேருந்து நின்றும் ஏற முடியவில்லை. நீங்கள் எப்படி ஏறுகிறீர்கள்?

கவி, குரோம்பேட்டை:
தண்டுவடத்தில் அடிபட்டு 3 வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். கிண்டியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆட்டோவில் போனால் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். 2024-லிருந்து சென்னையில் தாழ்தளப் பேருந்து ஓடுகிறதே என்று நம்பித்தான் வேலைக்குச் சரி சொன்னேன்.

நேற்று அப்பாவோடு போய் நின்றேன். நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோக்கள். பேருந்து நடுரோட்டில் நின்றது. நடத்துநர் இறங்கிவந்து சாய்தளப் பலகையை விரித்தார், ஆனால் ஏணி மாதிரி நிமிர்ந்து கிடந்தது. அப்பாவுக்கு 61 வயது. பாதி தள்ளியதும் மூச்சு வாங்கியது. பின்னால் ஒரே ஹாரன். "வேண்டாம், நீங்க போங்க" என்று நானே சொல்லிவிட்டேன். தினமும் போகிறவர்கள் சொல்லுங்கள்.

மல்லிகா:
கவி, அப்பாவிடம் பலம் இல்லை என்று நினைக்காதேம்மா. அந்தப் பேருந்தின் தளம் சாலையிலிருந்து சுமார் 40 செ.மீ. உயரம். பக்கத்தில் நடைபாதை இருந்தால் அதுவே கொஞ்சம் உயரம் கொடுக்கும், பலகை சாய்வாக உட்காரும். சாலையில் விரித்தால் மொத்த உயரத்தையும் அந்தக் குட்டிப் பலகையிலேயே ஏற வேண்டும்.

நான் நிறுத்தத்தில் நிற்பதில்லை. அதற்குச் சற்று முன்னால், ஆட்டோ நிற்காத இடமாகப் பார்த்து, ஓட்டுநர் கண்ணில் படும்படி கை காட்டுவேன். வண்டியை இடப்பக்கம் தாழ்த்தும் வசதி இருக்கிறது, ஓட்டுநரிடம் கேள். பலகை நடுக்கதவில்தான். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறங்கு, அப்பா கீழே நின்று பிடிக்கட்டும். முன்பக்கமாக இறங்கி நான் ஒருமுறை விழுந்திருக்கிறேன்.

செந்தில்:
விமான நிலைய மெட்ரோ வரை ஆட்டோ, அங்கிருந்து கிண்டிக்கு ரயில். லிஃப்ட் உண்டு, ரயிலும் நடைமேடையும் ஒரே மட்டம். மழை நாளில் இதுதான் நிம்மதி.

ரஹீம்:
2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் பேருந்து மட்டுமில்லை, நிறுத்தமும் வருகிறது. நிறுத்தம் அடைபட்டிருப்பதை நேரத்தோடு படம் எடுத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மனுநாளில் கொடுங்கள், சகோதரி.

கவி:
மல்லிகா அக்கா, இன்று ஏறிவிட்டேன்! மருந்துக்கடை வாசலில் நடைபாதை ஒட்டி நின்றோம். ஓட்டுநரே பார்த்து ஒதுக்கினார், அப்பா ஒரே தள்ளில் ஏற்றிவிட்டார். கிண்டியில் மறுபடி நடுரோடுதான், பின்பக்கமாக இறங்கினேன். இரண்டு நிறுத்தத்தையும் படம் எடுத்தாயிற்று. மனுவை இன்று இரவு எழுதுகிறேன்.